மே பதினைந்துக்குள் ஒரு பதில்

நார்த் ஆஷ்பி, வெர்மான்ட்
பிப்ரவரி 11, 2013

அண்ணா,

சனிக்கிழமை நான் வந்தேன். உனக்குத் தெரியும், தெரியாதது போல இருக்காதே. சிறை வாசலில் எட்டரை மணிக்கே வரிசையில் நின்று, கடிகாரம், பெல்ட், தலைக் கிளிப் எல்லாவற்றையும் கழற்றி வைத்து, பூட்ஸில் ஆணி இருக்கிறது என்று திருப்பி அனுப்பப்பட்டு, பனியில் கார்வரை ஓடி வேறு செருப்பு மாட்டிக்கொண்டு வந்து நின்றால், கண்ணாடிக்குப் பின்னாலிருந்த சிவப்பு மீசைக் காவலர் சொல்கிறார்: "அவர் வரலையாம்மா."

"உடம்பு சரியில்லையா?"

"உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. வரமாட்டேன்னுட்டார். எழுதிக் கையெழுத்தும் போட்டுக் குடுத்திருக்கார். இனிமே பார்க்க வர்றவங்க லிஸ்ட்ல உங்க பேரு கிடையாது."

எனக்குப் பின்னால் நின்ற பெண் தன் குழந்தையின் மூக்கைத் துடைப்பது போல வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். போனிலும் என் எண்ணை எடுத்துவிட்டாயாமே. அப்பா எண் மட்டும் இருக்கிறதாம். அப்பாதான் எடுக்கவே மாட்டாரே.

வியாழக்கிழமை போனில் நான் அப்படி என்ன சொல்லிவிட்டேன்? பர்லிங்டன் மருத்துவக் கல்லூரி ஜனவரியிலேயே இடம் தந்துவிட்டது, இப்போது செயிண்ட் லூயிஸும் தந்திருக்கிறது என்றேன். நீ "ஹே!" என்று கத்தியதில் உன் பக்கம் யாரோ அதட்டியது எனக்கே கேட்டது. "பர்லிங்டன்னா உன்கிட்ட வர நாற்பதே நிமிஷம்" என்றேன். அவ்வளவுதான். போனை வைத்துவிட்டாய். பதினைந்து நிமிட அழைப்பில் ஒன்பது நிமிடம் பாக்கி இருந்தது.

மே பதினைந்துக்குள் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட வேண்டும். இதை நான் யாரிடம் பேசுவது? அப்பாவிடம் கேட்டேன். "ரெண்டும் நல்ல எடம்தானே" என்று சொல்லிவிட்டு, பால் லாரியின் டயரைப் பார்க்கப் போய்விட்டார்.

ஏன் இப்படிச் செய்தாய்? எழுது.

கொலெட்


பிப்ரவரி 20

கொலெட்டுக்கு,

மீசைக்காரன் பெயர் டோபின். நல்லவன். அவன்மேல் கோபப்படாதே.

ஏன் செய்தேன் என்று கேட்கிறாய். அந்த நாற்பது நிமிடத்துக்காகத்தான். உறையைக் கிழிக்கும் முன்பே நீ முடிவு செய்துவிட்டாய். எனக்கு இன்னும் ஆறு வருடம் இருக்கிறது. ஆறு வருடச் சனிக்கிழமைகளை நீ மனதுக்குள் அடுக்கி வைத்துவிட்டது உன் குரலிலேயே தெரிந்தது. நான் இல்லாவிட்டால் நீ எதைத் தேர்ந்தெடுப்பாய்? அப்படி என்னை இல்லாமல் ஆக்கிக்கொள்ள எனக்குத் தெரிந்த வழி அந்தப் பட்டியல் ஒன்றுதான். இங்கே என் கையெழுத்துக்கு மதிப்பிருக்கும் காகிதமும் அது ஒன்றுதான்.

அம்மா போனபோது உனக்குப் பதினொன்று, எனக்குப் பத்தொன்பது. உனக்குப் பின்னல் போட நான் பயிற்சி எடுத்தது அப்பாவின் லாரியில் கிடந்த கயிற்றில். அதெல்லாம் நீ திருப்பிச் செய்வதற்காகச் செய்ததில்லை. காலையில் பள்ளிப் பேருந்து வந்துவிடும், யாராவது செய்தாக வேண்டும், அதனால் செய்தேன்.

நான் இப்போது சமையற்கூடத்தில் இருக்கிறேன். முட்டைத்தூளில் தண்ணீர் ஊற்றிக் கலக்குவது என் பொறுப்பு. எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். "என்னப்பா, டாக்டரோட அண்ணன், இன்னிக்காவது இது முட்டை மாதிரி இருக்குமா?" என்கிறார்கள். நீ செயிண்ட் லூயிஸ் போவதாகவே சொல்லி வைத்திருக்கிறேன். பொய்யனாக்காதே.

ஒரு விஷயம். நேர்முகத்தில் குடும்பத்தைப் பற்றிக் கேட்டிருப்பார்கள். என்னைப் பற்றி என்ன சொன்னாய்?

ரேஜிஸ்


மார்ச் 4

அண்ணா,

உன் மேலுள்ள கோபத்திலேயே செயிண்ட் லூயிஸ் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். இடம் கிடைத்தவர்களை அழைத்துக் காட்டுகிறார்கள்.

பிடித்திருந்தது. வயிற்றெரிச்சலே அதுதான். ஆஸ்பத்திரியும் கல்லூரியும் ஒன்றோடொன்று பாலங்களால் கோத்தது போல இருக்கின்றன, வெளியே இறங்காமலேயே நாள் முழுக்க நடக்கலாம். சுற்றிக் காட்டிய மூன்றாம் வருட மாணவி வாய் மூடவே இல்லை.

"எந்த ஊரு?"

"வெர்மான்ட்."

"அங்கெல்லாம் மனுஷங்க இருக்காங்களா? மாடு மட்டும்தான்னு நினைச்சேன்."

"மாடுதான் ஜாஸ்தி. எங்கப்பா பால் லாரி ஓட்டுறார்."

"அட, அப்ப மாட்டுக்கு அடுத்த அந்தஸ்து உனக்குத்தான்!"

அவள் சிரிக்க நானும் சிரித்தேன். இங்கே பெட்ரோல் பங்கில் நின்றாலும் கடையில் நின்றாலும், என்னைப் பார்க்கிற முகத்தில் முதலில் உன் பெயர் ஓடும், பிறகுதான் புன்னகை வரும். அங்கே ஒன்றரை நாள் நான் யாருடைய தங்கையாகவும் இல்லை. அது நன்றாக இருந்தது. எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன். கட்டணமும் முழுக்கத் தள்ளுபடி செய்கிறார்கள். மறுக்க ஒரு காரணமும் இல்லாத இடம்.

ஆனால் அங்கிருந்து உன்னிடம் வர, ஒரு நாள் முழுக்க வேண்டும். வருடத்துக்கு இரண்டு தடவை வந்தால் அதிகம். உன் பட்டியலில் வேறு யார் இருக்கிறார்கள்? நான் போன பிறகு சனிக்கிழமை உன் பெயரை அங்கே யார் கூப்பிடுவார்கள்?

நீ கேட்டதற்குப் பதில். நேர்முகத்தில் சொல்லவில்லை, அதற்கு முன்பே எழுதிவிட்டேன். விண்ணப்பத்தோடு, ஏன் மருத்துவர் ஆக விரும்புகிறாய் என்று ஒரு கட்டுரை தர வேண்டும். நான் உன்னைப் பற்றி எழுதினேன். இரண்டு இடத்திலும் முதல் கேள்வியே அதைப் பற்றித்தான். பர்லிங்டனில் ஒரு பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

உன்னைக் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் வேண்டாம் என்பாய் என்று கேட்கவில்லை. பிரதி இதோடு இருக்கிறது.

கொலெட்


மார்ச் 22

கொலெட்,

கட்டுரை வந்தது. முதலில் டோபின் படித்தான், எங்களுக்கு வருவதையெல்லாம் அவர்கள் படித்த பிறகுதான் தருவார்கள். கொடுக்கும்போது என் தோளில் தட்டினான். இந்த இரண்டு வருடத்தில் சோதனை போடுவதற்காக இல்லாமல் ஒரு காவலர் என்மேல் கை வைத்தது அதுதான் முதல் தடவை. எனக்கு ஆத்திரம் வந்ததும் அந்த இடத்தில்தான்.

யார் இந்த ஆள்? மர அறுப்பு ஆலையில் விழுந்து முதுகு போனவன். டாக்டர் வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார், பழகிய பிறகு ஒருநாள் நிறுத்திவிட்டார். பிறகு, உன் வரிதான், "நோய் என் அண்ணனை மருந்துக்கடைக்கு அழைத்துச் சென்றது." நோய் என்னை எங்கேயும் அழைத்துப் போகவில்லை. அப்பாவின் பிக்கப் வண்டியில் நானே போனேன். போகும் வழியில் பெட்ரோல் போட்டேன். ஒரு காபி வாங்கி, பாதி குடித்தேன், சூடு அதிகமாக இருந்தது. பின்சீட்டில் மான் சுடும் துப்பாக்கி.

உன் கட்டுரையில் மருந்துக்கடை ஹோல்கம் அம்மா ஒரு வரியில்கூட இல்லை. நான் முகத்தைத் துணியால் கட்டிக்கொண்டு "மாத்திரைய எடுங்க" என்று இரண்டே சொல்தான் சொன்னேன். அந்த அம்மா மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "ரேஜிஸ்? நீயாப்பா? உங்கப்பாவுக்குத் தெரியுமா இது?" என்று கேட்டாள். பயமே இல்லை அவள் குரலில். கவலைதான் இருந்தது. அதைத் தாங்க முடியாமல்தான் தள்ளினேன். இடுப்பெலும்பு உடைந்தது. தரையில் கிடந்தவளைத் தாண்டிக்கொண்டு அலமாரிக்குப் போனேன்.

இதை விட்டுவிட்டு, ஒரு நல்ல நோயாளியை உருவாக்கி இரண்டு கல்லூரிகளுக்கு அனுப்பியிருக்கிறாய். எழுத்து நன்றாகத்தான் இருக்கிறது. என் அறையிலிருக்கும் கிழவர் ஆம்ப்ரோஸுக்கு வாசித்துக் காட்டினேன். அழுதுவிட்டு, "பாவம்ப்பா அந்தப் பையன்" என்றார். "அது நான்தான்" என்றேன். "நீயா? ச்சே, இல்லப்பா" என்கிறார்.

என்னை வைத்து நீ வாங்கிய இடங்கள் இரண்டும். தூரமாக இருப்பதற்காவது போ.

ரே


ஏப்ரல் 8

அண்ணா,

பதினைந்து நாள் இதற்குப் பதில் எழுதாமல் இருந்தேன். இரண்டு தடவை எழுதிக் கிழித்தேன். நீ திட்டியதற்காக இல்லை, நீ திட்டியது போதாது என்பதற்காக.

விட்டுப்போனது ஹோல்கம் அம்மா மட்டும் இல்லை.

எனக்கு ஞானப்பல் பிடுங்கியபோது நான் பள்ளிக் கடைசி வருடம். அவர்கள் ஒரு புட்டி மாத்திரை கொடுத்தார்கள். அது உனக்கு டாக்டர் மாத்திரையை நிறுத்திய மாதம். நீ சமையலறைத் தரையில் படுத்துக்கொண்டு, முதுகைத் தரையில் அழுத்தி, "ஒண்ணுமில்ல, இப்படிப் படுத்தா சரியாகிடும்" என்றாய். நான் மாடிக்குப் போய் புட்டியை எடுத்து வந்து உன் கையில் கொடுத்தேன். "எனக்கு வேணாம், வலி போயிடுச்சு, நீ போட்டுக்கோ" என்றேன். உன் முகம் மாறியது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, உனக்கு ஏதோ செய்துவிட்டேன் என்று. அதன் பிறகு நீ அதிலிருந்து மீளவே இல்லை.

டாக்டர் நிறுத்தியதோடு அது முடிந்திருக்கும். நான்தான் தொடர வைத்தேன். கட்டுரையில் "டாக்டர்" என்று எழுதிய இடத்திலெல்லாம் நான் என்னை மறைத்துக்கொண்டேன். இப்போது சொல், அவ்வளவு தூரம் போய் வெள்ளைக்கோட்டு மாட்டிக்கொண்டு எப்படி நிற்பேன்?

நேற்று கடையில் ஹோல்கம் அம்மாவைப் பார்த்தேன். கைத்தடியோடு ரொட்டி வரிசையில் நின்றாள். நழுவப் பார்த்தேன், கூப்பிட்டுவிட்டாள்.

"ரெண்டு காலேஜ் கிடைச்சிருக்காமே. எது?"

"இன்னும் முடிவு பண்ணலை."

"ஏன்?"

அவள் என் கூடையை எட்டிப் பார்த்து, "அந்தத் தயிர் நாளைக்கே கெட்டுடும், பின்னாடி இருக்கிறத எடு" என்றாள். காரில் உட்கார்ந்து ரொம்ப நேரம் சாவியைத் திருப்பவில்லை.

பட்டியலில் என் பெயரைப் போடு. கெஞ்சிக் கேட்கிறேன்.

கொலெட்


ஏப்ரல் 22

கொலெட்டுக்கு,

இதை உன்னிடம் சொல்லாமலே இருந்துவிடுவேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

நீ அந்தப் புட்டியை எனக்குக் கொடுத்தது ஐந்தாம் நாள். நான் இரண்டாம் நாளே எடுக்க ஆரம்பித்துவிட்டேன். குறைந்தால் தெரிந்துவிடுமே என்று, எடுத்த இடத்தில் ஆஸ்பிரின் போட்டு வைத்தேன். அதுவும் வெள்ளை, கிட்டத்தட்ட அதே அளவு. உனக்கு மூன்றாம் நாள் வலி தாங்கவில்லை. கன்னம் வீங்கி, "மாத்திரை கேக்கவே மாட்டேங்குதே" என்று அழுதாய். உனக்குத் துணியில் ஐஸ் கட்டி ஒத்தடம் கொடுத்தது யார்? நான்தான். ஒரு கையில் ஐஸ், என் வயிற்றுக்குள் உன் மாத்திரை. "இன்னொண்ணு போட்டுக்கோ, சரியாகிடும்" என்று ஆஸ்பிரினை எடுத்துக் கொடுத்ததும் நான்தான்.

நீ கொடுத்தபோது அதில் பாதிக்கு மேல் ஆஸ்பிரின். என் முகம் மாறியது என்கிறாயே, மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தேன், அதனால் மாறியது.

ஆகவே நீ என்னைக் கெடுக்கவில்லை. நீ என்னிடம் வந்து சேருவதற்குள் நான் உன்னிடம் திருடி முடித்திருந்தேன். இனி என் பக்கத்தில் இருக்க உனக்கு ஒரு காரணமும் கிடையாது. வெறுக்க வேண்டுமானால் வெறு. அதையும் செயிண்ட் லூயிஸில் இருந்துகொண்டு செய்.

நீ அங்கே போகிறேன் என்று எழுது. அன்றே உன் பெயரைப் பட்டியலில் சேர்க்கிறேன். வருடத்துக்கு ஒரு தடவை வந்தால் போதும்.

ரேஜிஸ்


மே 14

அண்ணா,

மூன்று வாரம் உன்னை வெறுத்தேன். நீ சொன்னபடியே செய்து பார்த்தேன். வீட்டில் உன் அறையைக் காலி செய்து பெட்டிகளைக் கொட்டகையில் வைத்தேன். அப்பா வாசலில் நின்று பார்த்துவிட்டு, "அவன் குளிர் கோட்டை மட்டும் விட்டுடு, எலி கடிச்சிடும்" என்றார். உன்னைப் பற்றி அவர் சொன்ன முதல் வாக்கியம், இத்தனை நாளில்.

நேற்று செயிண்ட் லூயிஸுக்குப் போன் செய்தேன். வருகிறேன் என்று சொல்லத்தான் எண்ணை அழுத்தினேன். இதை நீ நம்ப வேண்டும். சேர்க்கை அலுவலகப் பெண்மணி எடுத்தார்.

"சொல்லுங்கம்மா."

"நான் கொலெட் புஷார். என் இடத்தை விட்டுக்குடுக்கிறேன்."

என் வாயிலிருந்து வந்தது எனக்கே கேட்டது.

"நிஜமாவா? நல்லா யோசிச்சீங்களா?"

"யோசிச்சேன்."

"எங்களுக்கு வருத்தம்தான். ஆனா பாருங்க, காத்திருக்கிற யாரோ ஒருத்தருக்கு இன்னைக்கு ஒரு நல்ல போன் போகும்."

"சரி" என்றேன். வைத்த பிறகு, திரும்பக் கூப்பிடலாமா என்று போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு அப்பாவுக்குச் சாப்பாடு எடுத்து வைத்தேன்.

என் தப்பு இல்லை என்று நீ நிரூபித்துவிட்டாய். போவதற்கு வழி திறந்தே இருந்தது. போக முடியவில்லை. அன்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஏனென்றால் உன்மேல் இன்னும் கோபமாக இருக்கிறேன். வேறு பெயர் தெரியவில்லை.

ஆகஸ்டில் பர்லிங்டனில் சேர்கிறேன். நீ பட்டியலில் போட்டாலும் போடாவிட்டாலும் நாற்பது நிமிடத்தில்தான் இருப்பேன்.

கொலெட்


ஜூன் 3

கொலெட்,

முட்டாள். அம்மா இருந்திருந்தால் உன்னை விட்டுவிட்டு என்னை அடித்திருப்பாள்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சமையற்கூடத்துக்குப் போனேன். முட்டையில் உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டேன். ஆம்ப்ரோஸ் கேட்டார், "என்ன ஆச்சு டாக்டரோட அண்ணா, செயிண்ட் லூயிஸா?" என்று. "இல்ல, இங்கேயேதான்" என்றேன். "அப்ப ஏன்யா சிரிக்கிறே?" என்றார். சிரித்துக்கொண்டிருப்பது எனக்குத் தெரியாது.

இன்று காலை படிவம் எழுதிக் கொடுத்துவிட்டேன். ஜூன் பதினைந்து, சனிக்கிழமை, ஒன்பது மணி. டோபினே வாங்கிக்கொண்டு முத்திரை குத்தினான். ஆணியுள்ள பூட்ஸ் வேண்டாம். சில்லறை கொண்டு வா, உள்ளே இருக்கும் இயந்திரத்தில் ஆப்பிள் பை பலகாரம் கிடைக்கும், மோசமாக இருக்கும், இருந்தாலும் வாங்கித் தா.

ஹோல்கம் அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதப் பார்க்கிறேன். முதல் வரி வரவில்லை. நேரில் வரும்போது நீ ஏதாவது சொல்.

இன்னும் பன்னிரண்டு நாள்.

ரே


ஜூன் 16

அண்ணா,

இந்தக் கடிதத்தை எங்கே அனுப்புவது என்று தெரியாமல் பழைய முகவரிக்கே அனுப்புகிறேன். அங்கிருந்து உனக்குத் திருப்பிவிடுவார்கள் என்று டோபின் சொன்னார்.

நேற்று எட்டே காலுக்கே போய்விட்டேன். செருப்பு, சில்லறை எல்லாம் சரியாக இருந்தது. டோபின் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். எழுந்து நின்றதிலேயே எனக்கு ஏதோ தெரிந்துவிட்டது.

"யாரும் போன் பண்ணலையா உங்களுக்கு?"

"இல்லையே. என்ன ஆச்சு? உடம்புக்கு ஏதாவது..."

"ஐயோ, அதெல்லாம் இல்ல. வியாழக்கிழமை காலைல முப்பது பேரை பஸ்ல ஏத்திட்டாங்க. இங்க இடம் பத்தலை. வெளி மாநிலத்துக்கு."

"எந்த மாநிலம்?"

"போய்ச் சேர்ந்து அவரே எழுதுற வரைக்கும் நான் சொல்லக்கூடாதும்மா." பிறகு குரலைத் தாழ்த்தி, "தெற்கே" என்றார்.

"ஆனா என் பேரு லிஸ்ட்ல இருக்கு. முத்திரை குத்தியிருக்கீங்க."

"இருக்கு. நல்லா இருக்கு" என்று பதிவேட்டைத் திருப்பி என் பக்கம் காட்டினார். இருந்தது. உன் கையெழுத்துக்குக் கீழே என் பெயர்.

ஆறு வருடம் பாக்கி இருப்பவனை, தங்கை பக்கத்திலேயே படிக்க வரப்போகும் ஒருவனை ஏன் அனுப்பினார்கள் என்று கேட்டேன். நல்ல நடத்தை உள்ளவர்களைத்தான் அனுப்புவார்களாம், வழியில் தொல்லை இருக்காது என்று. நீ நல்லபடியாக நடந்துகொண்டாய், அதனால் போனாய்.

எங்கே இருக்கிறாய்?

கொலெட்


கென்டக்கி
ஜூலை 2

கொலெட்டுக்கு,

கென்டக்கியில் இருக்கிறேன். மலைக்கு நடுவில். இரண்டு நாள் பேருந்து, கையும் காலும் இடுப்பும் ஒரே சங்கிலியில். என் பக்கத்தில் ஆம்ப்ரோஸ். அவருக்கு எழுபத்தொன்று. ஒவ்வொரு நிறுத்தத்திலும் "இதுதானா? இதுதானா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். வந்து இறங்கியதும் அவரை வேறு பிரிவில் போட்டுவிட்டார்கள். சாப்பாட்டு நேரத்தில் தூரத்தில் தெரிகிறார். என்னைப் பார்த்துக் கையைத் தூக்குகிறார்.

இங்கே யாருக்கும் நம் ஊர்ப் பேச்சு புரியவில்லை, எனக்கு இவர்கள் பேச்சு புரியவில்லை. வேலை இன்னும் தரவில்லை. வெயில் சுவருக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

அங்கிருந்து இங்கே காரில் பதினாறு மணி நேரம் என்கிறார்கள். நீ வராதே. முதல் வருடத்தில் ஒரு வாரம் தவறினாலே தொலைந்தாய் என்று நீயே சொல்லியிருக்கிறாய். இதை நான் கட்டளையாகச் சொல்லவில்லை. எனக்கு இனிக் கட்டளை போடத் தெரியவில்லை. பிப்ரவரியில் உன்னைத் துரத்தக் கையில் ஒரு பட்டியல் இருந்தது. இப்போது அதுகூட வேண்டியதில்லை, அவர்களே செய்துவிட்டார்கள்.

ஒன்றை மட்டும் எழுதிவிடுகிறேன். நீ பர்லிங்டன் என்று எழுதியபோது நான் முட்டாள் என்று திட்டினேன். ஆனால் ஜூன் மூன்றிலிருந்து பேருந்து வந்த நாள்வரை நான் சந்தோஷமாக இருந்தேன். நீ இழந்ததைத் தெரிந்துகொண்டே சந்தோஷமாக இருந்தேன். அதற்கு என்னை மன்னிக்க வேண்டாம், தெரிந்துகொண்டால் போதும்.

ரேஜிஸ்


பர்லிங்டன்
செப்டம்பர் 1

அண்ணா,

உன் கடிதம் வந்த அன்று அப்பா லாரியிலிருந்து தன் சாலை வரைபடப் புத்தகத்தைக் கொண்டுவந்து மேஜையில் விரித்தார். உன் இடத்தைக் கண்டுபிடித்துக் கட்டை விரலை வைத்தார். இங்கிருந்து அளந்தார். பிறகு நான் கேட்காமலேயே, மேற்கே செயிண்ட் லூயிஸிலிருந்தும் அளந்தார்.

"ஏழு மணி நேரம்" என்றார். "ஒரே பகல்ல போயிடலாம்."

புத்தகத்தை மூடிவிட்டு அதன்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் செயிண்ட் லூயிஸுக்குப் போன் செய்தேன். அதே பெண்மணி. என் பெயர் அவருக்கு நினைவிருந்தது. "அந்த இடம் அன்னிக்கே போயிடுச்சும்மா. நாலு மணிக்குப் போன் பண்ணினேன், அந்தப் பொண்ணு அழுதுட்டா" என்றார். அடுத்த வருடம் புதிதாக விண்ணப்பிக்கலாமாம். எங்காவது சேர்ந்துவிட்டால் விண்ணப்பிக்க முடியாதாம். "என்னால ஏதாவது செய்ய முடிஞ்சா செய்வேன்" என்று இரண்டு தடவை சொன்னார். நல்லவர்தான். எல்லாரும் நல்லவர்களாகவே இருக்கிறார்கள்.

அதனால் இங்கே சேர்ந்துவிட்டேன். வகுப்பு தொடங்கி மூன்று வாரம். பாடங்கள் நன்றாகவே இருக்கின்றன, கல்லூரிமேல் ஒரு குறையும் இல்லை. உடற்கூறு வகுப்பில் நான்கு பேருக்கு ஓர் உடல். எங்களுடையவர் ஒரு முதியவர். முதுகைத் திறந்த நாளில், தசையை விலக்கி, எலும்புகளுக்கு நடுவில் நரம்பு வெளியே வரும் இடத்தைக் காட்டினார்கள். உனக்கு வலி இருந்தது இங்கேதான் என்று பார்த்தேன். எவ்வளவு சின்ன இடம் தெரியுமா?

என்னோடு அறையில் இருப்பவள் மெய்ன் மாநிலத்துக்காரி, பெயர் டார்சி. முதல் வாரம் சாப்பாட்டு வரிசையில் கேட்டாள், "ஏன் இந்தக் காலேஜை எடுத்தே?" என்று.

"எங்கண்ணன் பக்கத்துல இருக்கான்" என்றேன். மாதக்கணக்காக எல்லாரிடமும் சொல்லித் தயார் செய்திருந்த பதில், தானாக வந்துவிட்டது.

"அட, கொடுத்துவெச்சவ! அடிக்கடி பாப்பியா?"

"சனிக்கிழமை சனிக்கிழமை."

திருத்தியிருக்கலாம். கிண்ணத்தில் சூப் ஊற்றினார்கள், நகர்ந்துவிட்டோம்.

நேற்று சனிக்கிழமை. காலையில் டார்சி, "அண்ணனுக்கு இதைக் குடு" என்று தன் அம்மா அனுப்பிய ப்ளூபெர்ரி கேக்கில் பாதியை வெட்டிக் காகிதத்தில் சுற்றி வைத்திருந்தாள். வாங்கிக்கொண்டு கிளம்பினேன். வேறெங்கே போவது என்று தெரியவில்லை. நாற்பது நிமிடம் ஓட்டி, அங்கே கார் நிறுத்தும் இடத்தில் போய் நின்றேன்.

எல்லாரும் வந்திருந்தார்கள். முன்பு என் பின்னால் நிற்பாளே, குழந்தையோடு ஒரு பெண், அந்தக் குழந்தை இப்போது நடக்கிறது. ஒன்பது மணிக்குக் கதவு திறந்தது, உள்ளே போனார்கள். நான் காரிலேயே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் டோபின் வெளியே வந்து கண்ணாடியைத் தட்டினார். "இங்க சும்மா நிக்கக் கூடாதும்மா, யாரைப் பார்க்க..." என்று ஆரம்பித்தவர், நான்தான் என்று பார்த்ததும் நிறுத்திவிட்டார்.

"உள்ள வந்து ஒரு காபியாவது குடிங்க" என்றார். பிறகு முகத்தைத் தடவிக்கொண்டு, "இல்ல, பார்க்க ஆளில்லாம உள்ள விடக்கூடாது, மறந்துட்டேன்" என்றார்.

கேக்கை அவரிடம் நீட்டினேன். அதையும் வாங்கக் கூடாதாம். எனக்குப் பசியில்லை, வீசவும் மனம் வரவில்லை. அவர் காரின் கூரைமேல் கையை வைத்தபடி நின்றார், நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தேன். "பத்து நிமிஷம் இருந்துட்டுப் போங்க, நான் பாக்கலை" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அங்கே எந்த நாளில், எத்தனை மணிக்குப் பார்க்க விடுகிறார்கள் என்று எழுது. நான் வர முடியாது. இருந்தாலும் அந்த நேரம் எதுவென்று எனக்குத் தெரிந்திருக்கட்டும்.

கொலெட்